பேஸ்மென்ட் 12 மணிக்குப் பூட்டப்படும்: ஒரு ஃபேர்வெல் இரவின் நிகழ்வு ஆய்வு

ஆபீஸில் சர்வர் படுத்துக்கொண்டால் மறுநாள் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதுவோம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் எதைக் கவனித்தார்கள், எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்று வரிசையாக வரும். யாரையும் திட்டக் கூடாது என்பது அந்த அறிக்கைக்கு முதல் விதி. பதினைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. கீழே இருப்பதும் அதே மாதிரி ஓர் அறிக்கைதான். ஆனால் முதல் விதியை முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைய விருந்தை ஏற்பாடு செய்தவன் நான்.

எங்கள் டீமில் ஒருவன் வேலை மாறிப் போகிறான். வெள்ளிக்கிழமை இரவு, சென்னை ஓஎம்ஆரில் பெருங்குடி பக்கம் ஒரு பார். ஆறு பேர். கிளம்பிப் போகிறவனை 'நாயகன்' என்றே எழுதுகிறேன், மேடவாக்கத்துக்காரன், பைக்கில் வந்தான். லீட் காரில் வந்தார், வீடு குரோம்பேட்டை. டீமிலேயே சின்னவனான தம்பி சோழிங்கநல்லூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். அவனும் பைக், பின்னால் அவன் ரூம்மேட். எங்கள் டெஸ்டர் ஸ்கூட்டரில் வந்தாள். ஆறாவது ஆள் நான். எனக்குச் சுகர் மாத்திரை ஓடுகிறது, அதனால் குடிப்பதில்லை. கார் ஓட்டவும் தெரியாது. கீழ்க்கட்டளையில் வீடு, லீட் போகிற வழிதான், அவர் காரிலேயே போய் அவர் காரிலேயே திரும்புவதாகப் பேச்சு.

மேசை புக் செய்தேன். பன்னீர் டிக்கா, ஃபிஷ் ஃபிங்கர் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். கேக்கில் எழுத வேண்டிய பெயருக்கு ஸ்பெல்லிங் அனுப்பினேன். வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் 140 மெசேஜ் ஓடியிருக்கிறது. பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். திரும்பி எப்படிப் போகிறோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "பார்க்கிங் இருக்கா?" என்று மட்டும் லீட் கேட்டிருக்கிறார். "பேஸ்மென்ட் இருக்கு, ஃப்ரீ" என்று நான் பதில் போட்டு, கட்டைவிரலும் போட்டிருக்கிறேன்.

அன்றிரவு

8 மணிக்கு உட்கார்ந்தோம். 9:30க்கு டெஸ்டர் கிளம்பினாள், ஹாஸ்டல் கேட் 10 மணிக்குச் சாத்திவிடுவார்கள். லைம் சோடா தவிர எதுவும் தொடவில்லை. வண்டியோடு வந்தவர்களில் தெளிவாக இருந்த ஒரே ஆள் அவள், முதலில் போனதும் அவள். அப்போது நாங்கள் கை ஆட்டி அனுப்பிவைத்தோம். இப்போது யோசித்தால், லீட் உட்பட அத்தனை பேரும் ஏற்கெனவே இரண்டாவது ரவுண்டில் இருந்த நேரம் அது.

11 மணிக்குக் கடைசி ஆர்டர் என்றார்கள். பில்லைப் பிரித்து, ஜிபே அனுப்பி, கட்டிப்பிடித்து அழுது முடிய 11:40 ஆனது.

பேஸ்மென்ட்டில் செக்யூரிட்டி அண்ணன் நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார். நாயகன் அவரிடம், "அண்ணே, வண்டி இங்கயே நிக்கட்டும், காலைல வந்து எடுத்துக்கறேன்" என்றான். நல்ல யோசனைதான். அவர் சொன்ன பதில்தான் இந்த அறிக்கைக்கே மையம்.

"நைட்ல வைக்க முடியாது சார். 12 மணிக்குப் பூட்டிருவாங்க. வெளில எடுத்துருங்க."

வெளியே என்றால் ஓஎம்ஆர் சர்வீஸ் ரோடு. மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்புக்கும் கடை ஷட்டருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடம். புது பைக்கை அங்கே விட்டுவிட்டு எவனும் நிம்மதியாகத் தூங்க மாட்டான்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவனைப் பற்றிப் பேசும்போது திமிர், அலட்சியம் என்றுதான் நாம் ஆரம்பிக்கிறோம். அந்த நிமிடத்தில் அங்கே நின்ற நான்கு பேரிடமும் திமிர் இல்லை. வண்டியை எங்கே வைப்பது என்ற கவலைதான் இருந்தது. ஆட்டோ கிடைக்குமா என்பது இரண்டாம் பட்சம். வண்டி மட்டும் அன்றைக்கு ஆபீஸிலோ வீட்டிலோ நின்றிருந்தால், நான்கு பேரும் முணுமுணுக்காமல் ஆட்டோவில் ஏறியிருப்பார்கள்.

சரி, ஆப்பில் தேடினோம். முதல் கேப் டிரைவர் போன் போட்டு, "எங்க சார் போகணும்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்டுவிட்டு கேன்சல் செய்தார். இரண்டாவது ஆளும் அதே கேள்வி, அதே கேன்சல். லீட்டுக்கு ஆக்டிங் டிரைவர் பார்த்தோம். ஐம்பது நிமிடம் ஆகும் என்று காட்டியது. வெள்ளிக்கிழமை இரவு 11:45க்கு ஆக்டிங் டிரைவர் தேடுவது, தீபாவளிக்கு முதல் நாள் நெல்லை எக்ஸ்பிரஸில் பெர்த் தேடுகிற கதை. அதே ஆளைச் சாயங்காலம் 6 மணிக்கே பேசி வைத்திருந்தால் 11 மணிக்கு வாசலில் நின்றிருப்பார்.

இங்கிருந்து மூன்று கதைகளாகப் பிரிகிறது.

கார்

"நான் ஸ்டெடி, வாங்க" என்றார் லீட். ஏறினேன். வற்புறுத்தி யாரும் ஏற்றவில்லை, நானே கதவைத் திறந்து உட்கார்ந்து சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டேன்.

பல்லாவரம் ரேடியல் ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் தடுப்பு வைத்துச் சோதனை. ஏழெட்டு வண்டிகள் ஓரம் கட்டியிருந்தன. ஒருவர் அவசர அவசரமாக ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். இன்னொருவர் எங்கிருந்தோ மோர் பாக்கெட் வாங்கிவந்து பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். போலீஸ் ஊதச் சொல்லும் மெஷின் வாய் நாற்றத்தை மோப்பம் பிடிப்பதில்லை. நுரையீரல் ஆழத்திலிருந்து வரும் காற்றில் எவ்வளவு ஆல்கஹால் என்று அளக்கிறது. ரத்தத்தில் இருப்பது மூச்சில் வந்தே தீரும். மோர் வயிற்றுக்குத்தான் போகும்.

லீட் ஊதினார். 58.

சட்டத்தின் எல்லை, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000, இரண்டு வருடம் வரை. சிக்னல் தாண்டியதற்குக் கட்டுவது மாதிரி அங்கேயே கட்டிவிட்டு நகர முடியாது, கோர்ட் ஏற வேண்டும். லைசென்ஸைக் குறைந்தது ஆறு மாதம் முடக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க குடிக்கலையா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் சார் இவரை ஓட்ட விட்டீங்க?"

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது சார்."

அவர் ஒன்றும் சொல்லாமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "உங்க மேலயும் போடலாம், தெரியுமா?" என்றார். தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். குற்றத்துக்குத் துணைபோகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆவது பிரிவு. அதை வைத்து, கூட உட்கார்ந்து வருகிறவர் மீதும் வழக்குப் போடுவோம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2022 அக்டோபரில் அறிவித்திருந்தது. என் மீது போடவில்லை. ஆனால் அந்த 58க்கு நியாயமாக என் பங்கும் உண்டு. கடைசி வரை இருந்தவர்களில் தலை தெளிவாக இருந்தவன் நான். மற்றவர்களுக்காக யோசித்திருக்க வேண்டிய வேலை என்னுடையது, நான் சீட் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தேன்.

கார் அங்கேயே நின்றது. ஸ்டேஷன், கையெழுத்து, 2 மணிக்கு ஓர் ஆட்டோ. வழியெல்லாம் லீட் பேசவே இல்லை. கீழ்க்கட்டளையில் நான் இறங்கும்போது மட்டும், "வீட்ல என்னன்னு சொல்றது?" என்றார்.

தம்பி

அவனும் ரூம்மேட்டும் பைக்கில் சோழிங்கநல்லூர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கீறல் இல்லை, ஒரு போலீஸ் இல்லை. 12:20க்கு "ரீச்டு" என்று குழுவில் மெசேஜ், கூடவே சிரிப்புப் பொம்மை.

மூன்று கதையில் என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். அந்த இரவில் அவன் கற்றுக்கொண்டது, குடித்துவிட்டு ஓட்டலாம், ஒன்றும் ஆகாது என்பது.

"நான் ரெண்டு பீர்தாண்ணா" என்றுதான் இன்றும் சொல்கிறான். கணக்குப் பார்ப்போம். அவன் குடித்தது ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில். 7 சதவீதம் என்று வைத்தால் ஒரு பாட்டிலில் சுமார் 36 கிராம் ஆல்கஹால், இரண்டுக்கு 72. லீட் குடித்தது மூன்று லார்ஜ் விஸ்கி, அதாவது ஒரு குவாட்டர். நம்மூர் விஸ்கி, பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், 60 மில்லி லார்ஜுக்கு 20 கிராம். மூன்றுக்கு 60. ஆக 'பீர்தான்' குடித்த தம்பி, 'ஹாட்' அடித்த லீட்டைவிட அதிகம் குடித்திருக்கிறான். லீட் 80 கிலோ, தம்பி 60. தம்பி அந்தத் தடுப்பில் மாட்டியிருந்தால் மெஷினில் 120 பக்கம் காட்டியிருக்கும். எல்லையைப் போல நான்கு மடங்கு. பின்சீட்டில் இன்னொருத்தன், அவன் தலையில் ஹெல்மெட்டும் கிடையாது.

நாயகன்

அன்றிரவு சரியாக நடந்துகொண்டவன் இவன் ஒருவன்தான் என்று நினைத்தோம். காரப்பாக்கத்தில் தெரிந்தவர் அபார்ட்மென்ட் இருக்கிறது என்று சொல்லி, பைக்கைத் தள்ளிக்கொண்டே ஒரு ஷேர் ஆட்டோ ஸ்டாண்ட் வரை நடந்தான். அங்கே ஒரு லோடு ஆட்டோக்காரரைப் பிடித்து, வண்டியை ஏற்றி, காரப்பாக்கம் போய் இறக்கி, வாட்ச்மேன் கையில் 100 ரூபாயைத் திணித்துவிட்டு, வேறு ஆட்டோவில் மேடவாக்கம் போனான். எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். குழுவில் எல்லோரும் அவனுக்குக் கை தட்டினோம்.

வாட்ச்மேன் போட்ட ஒரே நிபந்தனை: "செக்ரட்டரி வாக்கிங் முடிச்சு வர்றதுக்குள்ள எடுத்துரணும்."

காலை 7 மணிக்குப் போய் வண்டியை எடுத்தான். குளித்து, சாமி கும்பிட்டு, டீ குடித்துவிட்டு வந்தவன். 7:10க்குக் காரப்பாக்கம் சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்கம் லேசாக உரசினான். பெரிய அடி இல்லை. ஆட்டோக்காரர் இறங்கினார், வாய்ச்சண்டை, சிக்னலில் நின்ற காவலர் வந்தார், நேற்றைய வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. ஊதச் சொன்னார்கள். 46.

"நேத்து நைட் குடிச்சது சார்!" என்று அவன் நம்ப முடியாமல் கத்தியிருக்கிறான். உண்மையைத்தான் சொன்னான். 46ம் உண்மைதான்.

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நாயகன் 70 கிலோ. ஃபேர்வெல் அவனுக்கு என்பதால் ஆளாளுக்கு ஊற்றிக்கொடுத்து ஐந்து லார்ஜ் உள்ளே போயிருந்தது, 100 கிராம். அவன் உடம்புக்கு ஒரு லார்ஜ் என்பது 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 43 மில்லிகிராம். வெறும் வயிற்றில் ஒரே லார்ஜ் போனால்கூடச் சட்டத்தின் 30ஐத் தாண்டிவிடலாம் என்பதைப் போகிற போக்கில் கவனியுங்கள். ஐந்துக்கு 215 பக்கம். கல்லீரல் அதில் மணிக்கு 15 மில்லிகிராம் கழிக்கும். சிலருக்கு 10, சிலருக்கு 20, நடுவில் 15. இரவு 8லிருந்து காலை 7 வரை பதினோரு மணி நேரம், 165 கழிந்திருக்கும். பாக்கி 50. மெஷின் 46 காட்டியதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவன் 30க்குக் கீழே இறங்க 8 மணி தாண்ட வேண்டும், முழுக்க வெளியேற 10 மணிக்கு மேல் ஆகும்.

இந்த வேகத்தைக் கூட்ட வழியே இல்லை. பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், ஃபில்டர் காபி குடித்தாலும், வாந்தி எடுத்தாலும், தூங்கினாலும் கல்லீரல் தன் வேகத்தில்தான் போகும். காபி குடித்தவன் கண் விழித்த குடிகாரன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்

அறிக்கையில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் வரும். அதில் 'குடி' என்று எழுதினால் என் மேனேஜர் திருப்பி அனுப்பிவிடுவார். பாரில் குடிப்பார்கள், அது எதிர்பார்த்ததுதான்.

நான் எழுதுவது: வண்டிகள் மேசைக்குக் கீழே, ஒரு லிஃப்ட் தூரத்தில் நின்றன. அவற்றை எழுப்பாமல் வீட்டுக்குப் போக வழி வைக்கப்படவில்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு என்ற வழக்கு, நம் மாநிலத்திலிருந்தே போனது. பிறகு சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் என்று தளர்த்தினார்கள், நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்றும் விளக்கம் வந்தது. கடைக்கும் சாலைக்கும் இடையே டேப் பிடித்து அளந்தாயிற்று. எங்கள் விஷயத்தில் மேசைக்கும் வண்டிச் சாவிக்கும் இடையே தூரம் ஒரு பேன்ட் பாக்கெட். அதை எந்த நீதிமன்றமும் அளக்காது, விருந்து ஏற்பாடு செய்கிறவன்தான் அளக்க வேண்டும்.

'யாராவது ஒருத்தர் குடிக்காம இருங்க' என்ற பழைய ஏற்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவில் அது எப்போதுமே 'இருக்கிறதிலேயே கம்மியா குடிச்சவன் ஓட்டட்டும்' என்றுதான் முடியும். மூன்று லார்ஜ் குடித்தவர் ஐந்து லார்ஜ் குடித்தவனைப் பார்த்துத் தன்னை 'ஸ்டெடி' என்று நினைப்பதில் தர்க்கம் இருக்கிறது. மெஷினுக்கு அந்தத் தர்க்கம் தெரியாது. குடிக்காத ஆள் நிஜமாகவே இருந்தாலும் அவருக்கு அந்த வண்டி ஓட்டத் தெரிய வேண்டும், கடைசி வரை இருக்க வேண்டும். டெஸ்டர் 9:30க்குப் போனாள், எனக்குக் கார் தெரியாது. இரண்டு தெளிந்த தலைகள் இருந்தும் ஒரு வண்டிக்குக்கூட ஆள் இல்லை.

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். லீட்டுக்குக் கோர்ட்டில் 10,000. வக்கீல், இரண்டு நாள் லீவு தனி. நாயகனுக்கும் 10,000, ஆட்டோ டிங்கரிங் 1,500. ஒருவேளை இடித்து கார் நசுங்கியிருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸில் பைசா வராது, குடித்து ஓட்டினால் பொறுப்பில்லை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. அன்று ஸ்டார்ட்டருக்கு மட்டும் நாங்கள் கொடுத்த தொகையில் இரண்டு கேப் புக் செய்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து

அடுத்த விருந்து லீட்டின் பிரமோஷனுக்கு. இந்த முறையும் ஏற்பாடு நான்தான். பார் புக் செய்வதற்கு முன்னால் அட்மினுக்கு மெயில் போட்டேன்: வெள்ளி இரவு ஐந்து வண்டிகள் ஆபீஸ் பார்க்கிங்கிலேயே நிற்கும், திங்கள்கிழமை எடுத்துக்கொள்கிறோம். அனுமதி இரண்டே வரியில் வந்தது. ஆபீஸிலிருந்தே இரண்டு கேப், மணிக்கணக்கு வாடகைக்கு. 10:45க்கு வாசலில் நிற்க வேண்டும் என்று டிரைவர்களிடம் பேசியாயிற்று, அதனால் 10:30க்கு நாங்களே பில் கேட்டோம். வெயிட்டிங்கில் டிரைவர் நிற்கிறார் என்றால் 'லாஸ்ட் ஒன்' தானாகக் குறைந்துவிடுகிறது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 400 ரூபாய்க்குள் வந்தது.

தம்பி மட்டும் பைக்கில் வந்தான். "வர்ற வழிலதாண்ணா, ஆபீஸ் போயிட்டு வந்தா சுத்து" என்றான். முதல் கிளாஸ் வருவதற்கு முன்னால் சாவியைக் கேட்டேன்.

"அண்ணா, நான் ஒண்ணோட நிறுத்திடுவேண்ணா."

"நிறுத்து. சாவிய குடு."

"எல்லார் முன்னாடியும் ஏண்ணா..."

முகம் சுண்டிப்போய்க் கொடுத்தான். அந்தக் கால் மணி நேரம் மேசையில் யாருக்கும் பேச்சு வரவில்லை. 11 மணிக்குக் கேட்டிருந்தால் சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டான், சட்டையைப் பிடித்திருப்போம். ஒன்றோடு நிறுத்தவும் இல்லை. அன்று போன இடத்தில் இரவு வண்டி நிறுத்தலாமா என்று முந்தின நாளே போனில் கேட்டு வைத்திருந்தேன், 50 ரூபாய் டோக்கன்.

மறுநாள் சனிக்கிழமை 9 மணிக்கே போன் செய்தான், சாவி வேண்டுமாம். மதியம் வா என்றேன். 12:40க்கு வந்தான். என் மனைவி, "என்னப்பா, வண்டி இல்லாம எப்படி வந்த?" என்று கேட்க, "பஸ்ல அண்ணி, ரெண்டு பஸ் மாறி" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சாம்பார் சாதம் சாப்பிட்டான். சாவியை வாங்கிக்கொண்டு செருப்பு போடும்போது, "அடுத்த தடவை நீங்க இருந்தா நான் வரலண்ணா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பாதி நிஜம் என்று நினைக்கிறேன்.